இதர

ஸ்ரீராமபுரம், நான்காவது குறுக்குத் தெரு.
மூன்று வீட்டுக்கு ஒரே படிக்கட்டு.
படியெல்லாம் பூண்டுத் தோல்.
எனக்கு முன்னால் ஏறிய தண்ணீர் கேன்காரன் கால்பட்டு
முகத்துக்குப் பறந்து வந்தது.

'யாரு?' என்றாள் பிலோமினா.
'கணக்கெடுப்பு.'
'கரண்டா, தண்ணியா?'
'வேலை. யாருக்கு என்ன வேலை என்று.'
'எனக்கு வேலையெல்லாம் இல்ல சார்,
வீட்லதான் இருக்கேன்.'
தலை நிமிரவில்லை.
கத்தி நிற்கவுமில்லை.

மூட்டை நாற்பது கிலோ.
விடியுமுன் யஷ்வந்த்பூர் மண்டியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கும்.
பொழுது சாய நாகேஷ் வந்து
உரித்ததை மட்டும் எடைபோடுவான்.
சொத்தைக்குக் கழிப்பான்.
தோல் சீக்கிரம் கழல ஊறப்போட்டிருந்தால்
ஈரத்துக்கும் கழிப்பான்.
சிவாஜிநகர் அண்டாக்களில் பிரியாணி தாளிக்கும்போது
இந்தப் படிக்கட்டு தும்மும் என்றாள் பக்கத்து வீட்டு குல்ஷன்,
அவள் மடியிலும் ஒரு முறம்.

என் டேப்லெட்டில் ஒரு கட்டம்: தொழில்.
தொட்டால் விரியும்.
விவசாயத்தைத் தொட்டேன்.
நிலம் உண்டா என்று கேட்டது.
'இருக்கே!'
பெயிண்ட் டப்பாவில் காய்த்த
மூன்று பச்சைமிளகாயைக் காட்டினாள்.
தொழிற்சாலையைத் தொட்டேன்.
வாரவிடுமுறை எந்நாள் என்று கேட்டது.
அதைப் படித்துக் காட்டவில்லை.
வியாபாரம்?
'நான் எதையும் விக்கலையே.'
இல்லத்தரசி என்ற சொல்லுக்கு மேலே என் விரல் நின்றபோது
கணக்கு நோட்டிலிருந்து பையன் சொன்னான்:
'அம்மா பதினொரு மணி வரைக்கும் உரிக்கும் அங்கிள்.
கரண்ட் போனாலும் உரிக்கும்.'

சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது.
சும்மா உட்காரக் கூச்சமாகி
நானும் ஒரு பூண்டை எடுத்தேன்.
நான்காவது பல்லில்
நகக்கண் எரியத் தொடங்கியது.
தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை
என் பக்கம் நகர்த்தினாள்.

'உங்களுக்கு எப்படி சார், மாசச் சம்பளமா?'
'இல்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று.'
'பூட்டின வீடுன்னா?'
'கழிப்பார்கள்.'
அப்போதுதான் கத்தி நின்றது.
முழுசாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
'ஈரத்துக்குமா?'

குல்ஷன் சிரித்த சிரிப்பில்
முறத்துத் தோல் முழுக்கப் பறந்தது.

கடைசியில் 'இதர' இருந்தது.
தொட்டேன்.
குறிப்பிடுக என்றது.
எண்ணெய்ப் பிசுக்கு விரலால்
பூண்டு என்று அடித்தேன்.
எண்கள் மட்டுமே ஏற்கப்படும் என்றது.

நாற்பது என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.