பதினேழாம் எண்

எல்கோவில் பனி. விடிகாலை மூன்று மணி.
தங்கச் சுரங்கத்திலிருந்து நேரே வந்த ஓர்வில்
இடதுகால் பூட்ஸை மட்டும் கழற்றுகிறான்.
நாலு ஏஸும் சேர்ந்து விழுந்த இரவில்
அந்தக் கால் வெறுங்காலாக இருந்ததாம்.

வெர்னா, பொத்தானைச் சுண்டுவிரலால்தான் தொடுவாள்,
தூங்குகிறவர் மேலிருந்து போர்வையை இழுப்பதுபோல.
கழிவறைக்குப் போகையில்
திரைமேல் தன் கோட்டைப் போர்த்திவிட்டுப் போவாள்.
வேற்றாள் பார்த்தால் சீட்டுகள் கூசிப்போகுமாம்.
ராணியை அவள் நம்புவதில்லை.
கேட்டால், "என் நாத்தனார் ஜாடை" என்பாள்.

நான் பெனாட், பழுது பார்ப்பவன்.
உள்ளே ஒரு சில்லு
ஓயாமல் எண்களை உருட்டிக்கொண்டிருக்கிறது;
அதற்குக் காலும் தெரியாது, கோட்டும் தெரியாது.

செவ்வாயன்று பதினேழின் பலகையைக் கழற்றிப்
புதிது பொருத்தினேன்.
ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு வெர்னா வந்தாள்.
கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்,
சட்டென்று எடுத்துக்கொண்டாள்.
"இது அவன் இல்லை."
பையைத் தூக்கிக்கொண்டு
பதினெட்டுக்கு நகர்ந்துவிட்டாள்.

பழைய பலகையின் திருகாணி ஒன்று
என் சட்டைப்பையில் தங்கிவிட்டது.
குப்பைத்தொட்டிவரை போனேன், இரண்டு முறை.

சம்பளநாளில் மட்டும்
அதை இடப்பக்கப் பைக்கு மாற்றிக்கொள்கிறேன்.