வாய்தா

கவுண்டி கோர்ட்டுக்கு எதிரே
பன்னிரண்டு ஸ்டூல், நான்கு மேசை, ஒரு இரும்புக் கல்.
கல்லுக்கு முன்னால் நான்.
பத்தொன்பது வருடமாக
இந்த ஒஹாயோ ஊருக்கு முதுகைத்தான் காட்டுகிறேன்.
ஆனாலும் தெரியும்,
யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்று.
கதவு திறக்கிற சத்தம் போதும்.

தெரியாதது ஒன்றுதான்:
இரண்டு கட்சியும்
ஏன் அதையே கேட்கிறார்கள்?

ட்வைலா சீட்டைக் கம்பியில் செருகுவாள்.
நான் வாசிப்பதில்லை.
புகைபோக்கியின் எஃகில் தெரிகிற தலைகளை எண்ணுவேன்.
கைப்பிடி இறைச்சியை உருட்டிக்
கல்லில் வைத்து அழுத்தினால்
தகரக் கூரையில் திடீர் மழை.
ஓரம் சரிகை கட்டிக் கருகும்.
திருப்பு. உப்பு.
மேலே அந்த ஆரஞ்சுச் சதுரம்.

அதைச் சீஸ் என்று சொன்னால்
விஸ்கான்சின்காரர்கள் வழக்குப் போடுவார்கள்.
பிளாஸ்டிக் உறையை உரிக்கும்போது
அதற்கு மணமில்லை, ஊரில்லை, பெருமையில்லை.
ஆனால் சூடு பட்டதும்
நான்கு மூலையும் தளர்ந்து சாய்வதைப் பார்க்க வேண்டும்.
குறுக்கு விசாரணை முடிந்து
கூண்டைவிட்டு இறங்குகிறவனின் தோள்
அப்படித்தான் சாயும்.

முதலாளி மகன் கோல்பி
கொலம்பஸில் ஏதோ படித்துவிட்டு வந்து
அத்திப்பழ ஜாம், நீலப் பூசணச் சீஸ், கறுப்பு ரொட்டி என்று
பலகையில் எழுதிவைத்தான் ஒரு கோடையில்.
ஜாமீன் ஏஜெண்ட் ஹார்லன்
கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார்.
"கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார்.
"எனக்கு வழக்கமானது."

பிப்ரவரி. செவ்வாய்க்கிழமை.
வாசலில் பனி சேறாகிக் கிடந்தது.
வென்டலும் மார்லீனும் வந்தார்கள்,
ஒருவர் பின் ஒருவராக, இரண்டு நிமிட இடைவெளியில்.
இருபத்தாறு வருடத்தை முடித்துவைக்க
நீதிபதிக்கு ஏழு நிமிடம் ஆனதாம்.
வீடு அவளுக்கு.
ஏரியில் நிற்கும் படகு அவனுக்கு.
நாய் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்.

மேசைகளை ஜூரி பிடித்துக்கொண்டது.
காலியாக இருந்தவை
பக்கத்துப் பக்கத்து ஸ்டூல் இரண்டு.

"சீஸ்பர்கர்" என்றான்.
"எனக்கும்" என்றாள், சுவரைப் பார்த்து.
ட்வைலா இரண்டு என்றுதான் எழுதியிருக்கிறாள்.
நான்தான் வாசிப்பதில்லையே.
எஃகில் அந்த இரண்டு தலைகள் தெரிந்தன.
இரண்டு தலை, ஒரு பர்கர்,
பத்தொன்பது வருடக் கணக்கு.
ஒன்றைச் செய்து, குறுக்கே வெட்டி,
ஒரே தட்டில் வைத்து
மணியைத் தட்டிவிட்டேன்.

மணி ஓய்ந்த பிறகுதான் உறைத்தது.
திரும்பி நின்றேன்.

தட்டு நடுவில்.
யாரும் தொடவில்லை.
பிறகு அவள் அவனுடைய பாதியைத் திறந்து
ஊறுகாய் வெள்ளரியை எடுத்துத் தன்னதில் வைத்தாள்.
அவன் அவளுடையதிலிருந்து
வெங்காயத்தை உருவிக்கொண்டான்.
எந்தப் பத்திரத்திலும் ஏறாத பங்கு.

இதைத் தின்ன இரண்டு கையும் வேண்டும்.
கையெழுத்துப் போட முடியாது.
விரல் நீட்டிக் குற்றம் சொல்ல முடியாது.
வாய் நிறைந்தவனுக்கு வாதம் கிடையாது.
அவன் மணிக்கட்டில் கொழுப்பு வழிந்தது.
அவள் பார்க்காமலே
காகிதத் துவாலையை அவன் பக்கம் தள்ளினாள்.

ஏழு நிமிடத் தீர்ப்புக்கு
பத்து நிமிட வாய்தா.

சமாதானம் ஆனார்களா என்று கேட்காதீர்கள்.
ஆகவில்லை.
அவன் ஒரு பாதிக்குக் கொடுத்தான்,
அவள் ஒரு பாதிக்கு.
இரண்டு பேரும் டிப்ஸ் அதிகமாக வைத்தார்கள்.
ஒரே கதவு, இரண்டு வண்டி.
கதவுச் சத்தத்தை வைத்து
யார் ஜெயித்தது என்று
அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

ட்வைலா அடுத்த சீட்டைச் செருகினாள்.
ஜூரி மேசைகள்.
மூன்று நாளாக எதிலும் ஒத்துப்போகாத
பன்னிரண்டு பேர் என்று ஊரே பேசுகிறது.
இந்த முறை வாசித்தேன்.

சீட்டில் ஒரே வரி.