ஐந்தாவது ரவை

நான்கு மணிக்குக் கிடங்கு திறந்தது.
பேரேட்டில் என் கையெழுத்து:
வ. இருளேஸ்வரி, பெ.கா. 1147.
துப்பாக்கி, பட் எண் முப்பத்தேழு.
"போன தடவை மாதிரி ஆயிராம..." என்று தொடங்கிய
ஏட்டு முத்திருளாண்டி
பாதியில் சாவிக்கொத்தைத் தேட ஆரம்பித்தார்.

வாலிநோக்கத்துக் காற்றில்
துருவுக்கு ஒரு ராத்திரி போதும்.
நேற்று எண்ணெய் ஓட்டிய குழலில்
இன்று புல்த்ரூ இழுத்தால்
துணியில் பாக்குக் கறை போல ஒரு கோடு.
இன்னொரு துணி. இன்னொன்று.
வெள்ளையாக வரும்வரை.
தேங்காய் எண்ணெய் போடேன் என்பார் வில்லாயுதம்,
தன் உப்பு லாரியின் கதவுக் கீலுக்குப் போடுகிற மாதிரி.
அது பிசின் கட்டும் என்றால்
லாரி ஓடுதுல்ல என்பார்.

முன்குறி முள்ளுக்கு
மண்ணெண்ணெய் விளக்கின் கரி.
வெயில் ஏறினால் உப்பளப் பாத்திகளெல்லாம் கண்ணாடி.
முள்ளின் நுனியில் ஒரு பொய் வெளிச்சம் வந்து உட்காரும்,
அதைக் குறியென்று நம்பிவிடுவோம்.

துப்பாக்கி ஆயிற்று. இனி நான்.
நகம் வெட்டியாயிற்று.
காபி இல்லை; குடித்தால் நாடி
விரல் நுனிவரை வந்து கதவு தட்டும்.
இரண்டு இட்லி, கொஞ்சம் மோர்.
தாலியை முதுகுப் பக்கம் தள்ளி
உள்பனியனோடு சேர்த்து ஊக்குக் குத்தினேன்.
குப்புறப் படுக்கையில் அது
நெஞ்செலும்புக்கும் மணலுக்கும் நடுவே
மூன்றாவது முழங்கை போல உறுத்தும்.
விதிப்புத்தகத்தில் இதற்குப் பக்கம் இல்லை.
எழுதியவர்கள் தாலி கட்டியவர்கள்.
கட்டிக்கொண்டவர்கள் இல்லை.

காற்று கச்சான்.
கொடி சொல்வது கொடிமரத்தடிக் காற்றை.
நான் பார்ப்பது நடுவழியில்,
உடைமர வரிசையை ஒட்டிக்
கானல் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று.
வலமிருந்து இடம்,
அவசரமில்லாத நண்டு.
அரை முள் வலம் ஒதுக்கு, போதும்.

வியாழக்கிழமை சீர்பார்த்தபோது
நான்கு ஓட்டைகளை ஒரு தீப்பெட்டி மூடியது.
ஐந்தாவது எங்கேயோ.
போன வருடமும் அப்படித்தான்.
ஏட்டு துப்பாக்கியைச் சொன்னார்.
வில்லாயுதம் காற்றைச் சொன்னார்.
எனக்குத் தெரியும்.
நான்காவது வெடித்ததும்
எனக்குள் ஒருத்தி எழுந்து நின்று
மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு
பதக்கம் வாங்கப் போய்விடுகிறாள்.
படுத்திருக்கும் இடத்தில் ஆள் இல்லை.

அவளை எந்த எண்ணெய் போட்டுத் துடைப்பது?

ஒரு வாரமாக நிலையத்துப் பின்கட்டில்
சுவரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு,
வெற்றுத் துப்பாக்கி, டிக், டிக்.
ஐந்துவரை எண்ணுவதை விட்டுவிட்டேன்.
ஒண்ணு. ஒண்ணு. ஒண்ணு.
எஃப்.ஐ.ஆர். தட்டிக்கொண்டிருந்த ஹமீதா நிமிராமலே கேட்டாள்:
"ரெண்டு வராதாடி ஒனக்கு?"

ஒன்பதரை. விசில்.
மணலின் சூடு முழங்கை வழியாக ஏறுகிறது.
தோளில் மரம். கன்னத்தில் மரம்.
ஒண்ணு.
ஒண்ணு.
இலக்குக்குக் குறுக்கே ஓர் ஆலாப் பறவை. பொறுத்தேன்.
ஒண்ணு.
ஒண்ணு.

அவள் எழுந்திருக்கப் பார்க்கிறாள்.
முதுகில் ஊக்கு இழுக்கிறது.
படு, என்கிறேன்.
முக்கால் மூச்சு வெளியே.
கரி பூசிய முள்
கறுப்பாகவே நிற்கிறது.