தொங்கும் கோணம்

இறக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு
ஒற்றை போல்ட்டில் மொத்த ஜைரோவையும்
உத்தரத்தில் தொங்கவிட வேண்டும்.
பெற்றோல் பாதித் தாங்கி.
ஆளும் ஏறி உட்கார வேண்டும், சப்பாத்தோடு, ஹெல்மெட்டோடு.
மூக்கு எவ்வளவு தாழ்கிறதென்று
அப்போதுதான் தெரியும்.

அபெவிலுக்கு வடக்கே, சீனிக்கிழங்கு வயல்களின் நடுவில்
மதாம் ஒடீல் வசேரின் உருளைக்கிழங்குக் கொட்டகை.
ஒரு மூலைக்கு மாதம் நாற்பது யூரோ.
மற்ற மூன்றும் மூட்டைகளுக்கு.
சோம் ஆற்று ஈரம் சுவரில் ஏறி
ஸ்பானர் விரலோடு ஒட்டிக்கொள்கிற
குளிர்காலங்கள் மூன்று போயின.

பகலில் நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
இரத்தக் குழாய்களைச் சுழற்றுகிறவள்.
ஒன்றுக்கு எதிரே அதே கனத்தில் இன்னொன்று.
வைக்க மறந்தால்
இயந்திரம் மேசையைவிட்டு நடக்கத் தொடங்கும்.
இறக்கை இரண்டையும் சமன் செய்தபோது
கை புதிதாக ஒன்றும் கற்கவில்லை.
ஒரு பக்க நுனியில் பதினொரு கிராம் ஈயம், அவ்வளவுதான்.

முதன்முதல் வயலில் வைத்துக் கையால் சுற்றிவிட்டு
மேற்குக் காற்றுக்குக் காட்டினேன்.
காற்று யோசித்தது.
பிறகு பிடித்துக்கொண்டது.
வப், வப், வப்.
கமலரூபனின் கழுத்து
தோள்களுக்குள் போய்விட்டது, அவனைக் கேளாமல்.

ஹெலிக்கு எஞ்சின்தான் மேல்விசிறியைச் சுற்றும் என்றேன்.
இதைச் சுற்றுவது வெறும் காற்று.
எஞ்சின் முதுகில் நின்று தள்ளும், வேறொன்றும் செய்யாது.
அது நின்றுபோனாலும் விசிறி சுற்றிக்கொண்டே
மெல்ல இறக்கிவிடும்.

"சத்தத்துக்கு அது தெரியாதே" என்றான்.

அன்றைக்கு அதற்குமேல் கதைக்கவில்லை.
அடுத்த ஞாயிறும் அவன்தான் காரை ஓட்டி வந்தான்.

தொங்கவிட்டோம். ஏறினேன்.
வரைபடம் கேட்டது ஒன்பது பாகை.
சாய்வுமானி காட்டியது ஆறு.
திரும்ப அளந்தோம், ஆறு.
மூச்சை இழுத்துப் பிடித்தும் ஆறு.
இப்படியே பறந்தால்
கைப்பிடி முன்னால் முட்டி நிற்கும்,
தள்ள வேண்டிய நேரத்தில் தள்ள இடமிராது.

தவறு எங்கே என்று குழாய் குழாயாகத் தேடி
கடைசியில் தாளின் ஓரத்தில் கண்டேன்,
எறும்பளவு எழுத்தில்:
விமானி, எண்பது கிலோ.

நான் ஐம்பத்தைந்து.

கமலரூபன் ஒன்றும் சொல்லாமல் போய்
இருபத்தைந்து கிலோ மூட்டையொன்றைத் தூக்கி வந்து
என் மடியில் வைத்தான்.
ஒன்பது.
மண் உதிர்ந்து காற்சட்டையெல்லாம் புழுதி.
எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம்,
பிறகு மதாம் வசேர் வந்து
அது விற்ற மூட்டை என்று எடுத்துப் போய்விட்டார்.

ஈயம் கட்டலாம் என்றான்.
எனக்குள் இல்லாத ஓர் ஆம்பிளையை
வானமெல்லாம் சுமந்து திரிய மாட்டேன் என்றேன்.

நாலு மாலைகள்.
ஆறு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு இரண்டு,
வெட்டி, அராவி, ஓரம் மழித்து,
துளைகளை ஆறு சென்டிமீட்டர் பின்னால் தள்ளினேன்.
தூணின் உச்சியில் அது
கொஞ்சம் கோணலாகத்தான் தெரிகிறது.
தெரியட்டும்.

நேற்று மறுபடி தொங்கினேன்.
காரின் முன்விளக்கு வெளிச்சத்தில்
அவன் குனிந்து பார்த்தான்,
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தான்,
ஒன்பது என்றான்.
பற்றரி செத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே
விளக்கை அணைக்க வெளியே போனான்.

உத்தரம் ஒருமுறை முனகியது.
பாதத்துக்குக் கீழே ஒரு முழமோ, ஒரு மைலோ.
இருட்டில் தரை எங்கேயென்று தெரியவில்லை.
மூக்கு ஒன்பது பாகை கீழே என்பது மட்டும்
தெரிந்தது.