விலக்குப் பட்டியல்

ஞாயிற்றுக்கிழமை. நிட்டிங் ஓடவில்லை.
அனுப்பர்பாளையம் ரோட்டில் ஒரு தண்ணி லாரி மட்டும்.
சர்வர் ரூம் என்று பெயர்,
நூல் குடோனில் தடுத்த ஒரு மூலை.
ஏசி சொட்டுவதைப் பிடிக்கச் சாயப் பீப்பாய்,
அடியில் இன்னும் கொஞ்சம் ஊதா.

"கொட்டேசன் எப்படியோ வெளிய போகுதுங்க,
யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்"
என்றிருந்தார் முதலாளி பொங்கியண்ணன்.
"பேங்க்கத் தொட வேண்டாம். அது நம்முளுது."

மூவாயிரத்து நூற்று இருபத்தெட்டாம் போர்ட்டில்
ப்ராக்ஸியை உட்கார வைத்தேன்.
எங்களுக்கென ஒரு ரூட் சான்றிதழ்,
பத்து வருடம் செல்லும்படி.
எழுபத்து மூன்று கம்ப்யூட்டருக்கும்
ஒரே கட்டளையில் அதை நம்பச் சொன்னேன்.
நம்பின.

இந்த ஊருக்கு இது புதிதல்ல.
நம் பனியனில் அயலூர்ப் பெயரைத் தைத்துக்
கப்பலேற்றுகிற கைகள்.
இன்றைக்குத் தலைகீழ்:
எங்கிருந்தோ வரும் பக்கத்தின்
கழுத்து லேபிளைப் பிரித்து,
உள்ளே பார்த்து,
எங்கள் லேபிளை வைத்துத் தைத்து
மடிப்புக் கலையாமல் அனுப்புகிறது.
பூட்டுப் படம் பூட்டியபடியே இருக்கும்.

ஷிப்மெண்ட் அவசரம் என்று மூன்று பேர் வந்திருந்தார்கள்.
சோதித்துப் பார்க்க லாகைத் திறந்தேன்.
ஒருவருக்குக் கிரிக்கெட்.
ஒருவருக்குப் பையர் மெயில், பதினெட்டு லைன் பொத்தான், நிறம் சரியில்லையாம்.
மூன்றாவது, மேசை பதினாறு, சௌடேஸ்வரி.
கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் ரிப்போர்ட்
முழுசாக வந்து விழுந்தது.
வயது முப்பத்தெட்டு.
எடுத்த கருமுட்டை ஒன்பது, நின்றது
என்பதற்குள் மூடிவிட்டேன்.
இல்லை. எண்ணைப் பார்த்த பிறகுதான் மூடினேன்.

போன மாதம் நாலு நாள் லீவு.
"கேஸ் ட்ரபுளுங்க்கா" என்றாள்,
என் டப்பாவிலிருந்து கொள்ளுப்பருப்பை எடுத்துக்கொண்டே.

பேங்குகளின் வரிசைக்குக் கீழே
அந்த ஆஸ்பத்திரியைச் சேர்த்தேன்.
பிறகு ஈரோடு, சேலம் என்று தெரிந்த ஆஸ்பத்திரிகள்,
லேபுகள், வரன் தேடும் தளங்கள்,
அடகு நகைக்கு வட்டி பார்க்கும் பக்கம்.
சேர்க்கச் சேர்க்க இன்னொன்று நினைவுக்கு வந்தது.
ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வந்தது,
கூடவே நான் யூகித்த ஒரு காரணமும்.
எதையும் திறக்காமலே
எல்லோரையும் படித்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை ஒரே ஒருவன் வந்தான்.
டிஸ்பாட்சில் புதிது, சென்னியப்பன்.
"ஏனுங்க்கா, அந்தப் பூட்ட அமுத்துனா
நம்ம கம்பெனி பேரு வருதுங்?"

"ஆமா" என்றேன்.
அவன் போகவில்லை.
பீப்பாய் நிரம்பியிருந்தது,
கொட்டிவிட்டு வருகிறேன் என்று
தூக்கிக்கொண்டு நான்தான் போனேன்.