நிறம் கெட்ட பலகை

கனடாவிலிருந்து வந்த மேப்பிள் அடுக்கில்
பதினோராவது பலகையை மட்டும்
பௌலோஸ் சார் தனியே சாய்த்து வைத்தார்.
சிவப்புச் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி.
"கறை. வில்லாவுக்கு ஆகாது."

கறைதான்.
வெண்ணெய் நிறத்தில் ஊசித் துளைகள்,
துளைக்கு மேலும் கீழும் ஒழுகி ஓடும் சாம்பல் நீலம்,
ஓரத்தில் காய்ந்த ரத்தம் மாதிரி கொஞ்சம்.
ஒரு வண்டின் வேலை.
மரத்தைத் தின்ன வந்ததல்ல அது,
உடம்பில் முடிந்து கொண்டுவந்த பூஞ்சையை
உள்ளே விதைத்து
அறுத்துத் தின்ன வந்தது.
சூளைச் சூட்டில் வண்டும் செத்து பயிரும் கருகி
வரப்பு மட்டும் கப்பலேறி
அஜ்மான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு வந்திருக்கிறது.

வாரத்தில் ஆறு நாள் நான் படிக்கட்டுத் தூண் கடைகிறேன்.
ஒரு வில்லாவுக்கு இருநூற்றுப் பதினான்கு.
முதலாவதும் கடைசியும் இரட்டைப் பிள்ளைபோல் இருக்கவேண்டும்.
இருக்கும்.

வெள்ளிக்கிழமை லேத் எனக்கு.

பலகையை வட்டமாய் அறுத்துத் தட்டில் திருகினேன்.
குழியுளி தொட்டதும் முதலில் தூசி,
பிறகு சத்தம் மாறி
நாடா நாடாவாய்ச் சீவல் முழங்கையில் விழுந்தது.
தீய்ந்த சர்க்கரை வாசம்.
சுழலும்போது ஒன்றும் தெரியாது,
நீலம் சாம்பல் துளை எல்லாம் கலங்கி ஒரே புகை.
நிறுத்தினால்
பேசிக்கொண்டிருந்தவர்கள் நம்மைப் பார்த்து வாய் மூடியதுபோல்
கோடுகள் அப்படி அப்படியே நிற்கும்.
குறுக்கே அலை வேறு.
கிண்ணத்தைச் சாய்த்தால் அலை நகர்கிறது,
விரலால் தேடினால் இல்லை.
மூன்று சொட்டு பேபி ஆயில் விட்டேன்.
நீலம் விழித்துக்கொண்டது.

அதில்தான் பௌலோஸ் சார் கிளிப் போட்டு வைத்திருந்தார்,
தூண் பார்க்க வந்த ஹெஸ்ஸா மேடம்
கிளிப்பையெல்லாம் மேசையில் கொட்டிவிட்டுக் கேட்டார்:
"என்ன பெயிண்ட்?"
"பூச்சி, மேடம்."
சிரித்தார்.
"இதே மாதிரி ஆறு வேண்டும்."

ஆறு.
இதே மாதிரி.
அந்த வார்த்தைக்குத்தானே எனக்குச் சம்பளம்.

அடுத்த இரண்டு வெள்ளியும் கள்ளத்தனம்.
கறையில்லாத பலகை,
பழுக்கக் காய்ச்சிய ஆணி,
வினிகரில் ஊறிய துரு,
ஆறிப்போன சுலைமானி.
எட்ட நின்று பார்த்தால் அதேதான்.
"அசல் எது?" என்று நஜ்முதீன் குழம்பினான்.
எனக்குக் குழப்பமில்லை.
கிட்டே போனால் என் துளைகள் எல்லாம்
சம இடைவெளியில் இருந்தன.
அளவுகோலை நான் எடுக்கவேயில்லை, சத்தியமாக.

முடியாது என்று சொல்லிவிட்டேன்.
மேடம் ஒன்றும் சொல்லாமல் அந்த ஒன்றை
கைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.
போலி எங்கள் அறையில் இருக்கிறது,
நஜ்முதீன் சாவி போடுகிறான், பல்குச்சி போடுகிறான்.
புதிய அடுக்கு வந்தால்
பௌலோஸ் சாருக்கு முன்னால் நான் போய்த்
துளை தேடுகிறேன்.

ஒன்று சொல்ல மறந்தேன் மேடத்திடம்.
ஆகஸ்டில் கடற்காற்று ஈரமேறும்போது
அது கொஞ்சம் நீள்வட்டமாகும்,
மேசைமேல் லேசாய் ஆடும்.
காகிதம் மடித்து முட்டுக் கொடுக்கவேண்டாம்.