உதவி: நூற்று எண்பது

மே மாதம். ஏரியில் பனி உடைந்து ஆறு வாரம்.
அரங்கத்தில் மரத்தளத்துக்கு மெழுகு போடுகிறார்கள்,
நெடி இந்த அறைவரை வந்து தலைவலிக்கிறது.
வெள்ளிக்கிழமைக்குள் பருவ அறிக்கை வேண்டுமாம்.
பகலில் பால்பவுடர் ஆலைக்குக் கணக்கு எழுதுகிறேன்,
இரவில் இவர்களுக்கு.

முப்பத்தாறு ஆட்டம், பதினான்கு வெற்றி,
பத்து அணிகளில் ஒன்பதாம் இடம்.
பத்தாவது அணிக்கு நவம்பரிலிருந்து சம்பளமே இல்லை.
ஒன்பது என்றால் என்னவென்று
டெல்ஷேய் ஊரில் பேக்கரிக்காரிக்கும் தெரியும்.

டெஷான், மில்வாக்கியிலிருந்து வந்தவன்.
கூடையில் போடுவது அவன் வேலை:
ஆட்டத்துக்குப் பதினேழு புள்ளி மூன்று.
எத்தனை முறை எறிந்தான் என்று மேலாளர் கேட்கமாட்டார்.
கேட்டால் சொல்வேன்,
ஐந்நூற்று அறுபது.

ஒக்னியென், ஆறாம் ஆள்.
பெஞ்சிலிருந்து அவன் எழுந்தாலே
எதிரணி மருத்துவரும் எழுந்துவிடுவார்.
நூற்றுப் பன்னிரண்டு ஃபவுல்.
இடிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம், நன்றாகவே இடித்தான்.
செர்பியாவில் அவன் அம்மா மருந்துக்கடை வைத்திருக்கிறாராம்.

ஆஜுவோலஸ், பத்தொன்பது வயது.
பருவம் முழுக்கப் பதினோரு நிமிடம் ஆடினான்.
ஒரே ஒரு மூன்று புள்ளி எறிதல், வளையத்தைக்கூடத் தொடவில்லை.
ஆனால் அவன் தளத்தில் நின்ற பதினோரு நிமிடத்தில்
நாங்கள் ஒன்பது புள்ளி முன்னால்.
நிமிடக் கணக்கில் பார்த்தால்
அணியிலேயே சிறந்த ஆட்டக்காரன் அவன்தான்.
எண்கள் சில சமயம் குடித்துவிட்டு வரும்.

ஜீகிமான்டஸ்.

பந்தைக் கொண்டுவருபவன், கொடுப்பவன்.
ஒப்பந்தத்தில் நான்காம் பக்கம்:
நூற்று எண்பது அசிஸ்ட் என்றால்
ஆயிரத்து ஐந்நூறு யூரோ தனியாக.
கடைசி ஆட்டத்தில் நாற்பது வினாடி மிச்சம்,
பத்தொன்பது புள்ளி பின்னால்,
பாதிக் கூட்டம் கோட்டு மாட்டிக்கொண்டு படியில்.
என் திரையில் நூற்று எழுபத்தொன்பது.
மூன்றாம் வரிசையில் அவன் மனைவி இந்த்ரே மட்டும்
உட்கார்ந்திருந்தாள், கையுறைக்குள் விரல் மடக்கியபடி.

இடது மூலைக்குப் பந்தைத் தந்தான்.
டெஷான் வாங்கினான். நின்றான்.
தோளால் ஒருமுறை ஏமாற்றினான்,
இரண்டு தட்டு தட்டினான், சுழன்றான், போட்டான்.

வாங்கியவன் யோசித்துவிட்டால்
கொடுத்தவனுக்குப் பங்கில்லை.
பதினொரு வருடமாகப் புதுப் பையன்களுக்கு
இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.
அசிஸ்டுக்கு எங்கள் மென்பொருளில் ஒரு பொத்தான்,
விசை அழிந்து எழுத்தே தெரியாது.
விரல் போய்விட்டது.

அது அவன் செய்த உதவி இல்லை.
நான் செய்தது. எனக்கென்று அட்டவணையில் வரி கிடையாது.

யாரும் கேட்கவில்லை. லீக்கும் கேட்கவில்லை.
இந்த்ரே எழுந்து கோட்டு மாட்டினாள்.

இதோடு முடிந்திருந்தால்
தூங்கப் போயிருப்பேன்.

ரிம்வீடஸ், நடுவில் நிற்பவன்,
முப்பத்தேழு வயது, இருநூற்றுப் பதினொரு சென்டிமீட்டர்,
இரண்டு முழங்காலிலும் வேறு யாருடையதோ நார்.
ரீபவுண்ட் இருநூற்று ஐம்பது.
வகுத்தால் ஆறு புள்ளி ஒன்பது.
இன்னும் ஒன்று இருந்தால்
சுழியம் ஏறி ஏழாகியிருக்கும்.

அந்த ஒன்று எனக்குத் தெரியும்.
பிப்ரவரி, இரண்டாம் கால்பகுதி, கூட்டத்துக்கு மேலே நான்கு கை.
யாருடையது என்று சொல்லமுடியாமல் பந்து வெளியே போனது.
'அணி' என்று பதிந்தேன். விதி அப்படி.
ஆட்டம் முடிந்து என் மேசைக்கு வந்து
மடக்குக்கத்தி போலக் குனிந்து சொன்னான்:
"அது என் விரல், ஸ்கிர்மான்தே."
"விரல் போதாது, கை வேண்டும்" என்றேன்.
சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும்.

இப்போது இரண்டாம் பிரிவில் இடம் தேடுகிறான்.
ஏழு என்று ஆரம்பித்தால்
தொலைபேசியை வைக்கமாட்டார்கள் என்கிறானாம் ஏஜென்ட்.

பிப்ரவரிக் கோப்பு இன்னும் பூட்டப்படவில்லை.
திறந்து பார்த்தேன். நான்கு கை, அப்படியே.

ஆறு புள்ளி ஒன்பது என்று அடிக்கிறேன்.
சரியான எண்.
இந்த அறிக்கையில் நான் யோக்கியமாக இருந்ததற்கு
அது ஒன்றுதான் சாட்சி;
அதற்கான பணத்தைக் கட்டுவது
அவன் முழங்கால்.

கீழே யாரோ கத்துகிறார்கள்,
மெழுகு காயவில்லை, மிதிக்காதே என்று.